தெரியல, வா சேர்ந்து பாப்போம்

மூணு வருஷமா ஆகஸ்ட் பொறந்துட்டா எனக்கு சனிக்கிழமைன்னு ஒண்ணு கிடையாது. தென்காசி பக்கம் நாங்க ஏழெட்டு பேர், எல்லாரும் ஐடில வேலை பாக்குறவங்க, சேர்ந்து சுத்துப்பட்டு அரசுப் பள்ளி பசங்களுக்கு சின்னதா ஒரு கேம் கோடிங் போட்டி நடத்துறோம். ஆறாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும், ரெண்டு பேர் ஒரு டீம், ஸ்கிராட்ச்ங்கற கோடிங் சாஃப்ட்வேர்ல ஒரு கேம் செய்யணும், ரெண்டு நிமிஷத்துல ஆடி முடிக்கிற மாதிரி இருக்கணும். அவ்ளோதான் ரூல். இதுல என் பங்கு பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறது இல்ல, அவங்க டீச்சருங்களோட உக்கார்றது. இதே மாதிரி எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும்னு கேக்குறவங்க எல்லாரும் பசங்களுக்கு எப்படி சொல்லித் தர்றதுன்னுதான் கேக்குறாங்க, டீச்சரைப் பத்தி யாருமே கேக்கறதில்ல, அதான் அதை விரிவா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல் வருஷம் நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். லேப்டாப்பை தூக்கிட்டு ஸ்கூலுக்கு போனோம், பசங்களை உக்கார வெச்சு நாங்களே எல்லாம் சொல்லிக் குடுத்தோம், பசங்க சந்தோஷமா கத்துக்கிட்டாங்க, டீச்சருங்க பின்னாடி பெஞ்ச்ல உக்காந்து நோட்டு திருத்திட்டு இருந்தாங்க. நாலு சனிக்கிழமை போனோம். அஞ்சாவது வாரம் எங்கள்ல ரெண்டு பேருக்கு ஆபீஸ்ல ரிலீஸ் வந்துச்சு, போக முடியல, அந்த ஸ்கூல்ல லேப் கதவு அதோட பூட்டுனது பூட்டுனதுதான். பசங்க பாதில நின்னுட்டாங்க. பதினோரு டீம் பேர் குடுத்த இடத்துல மூணு டீம்தான் கடைசி வரைக்கும் வந்துச்சு, அந்த மூணும் ஒரே ஸ்கூல், அங்க மட்டும் ஒரு கணக்கு டீச்சர் எங்க கூடவே உக்காந்து மவுஸ் புடிச்சு செஞ்சு பாத்திருந்தாங்க. அதுக்கப்பறம்தான் புத்தி வந்துச்சு. தினமும் அந்த பசங்களோட இருக்கறது டீச்சர்தான், நாங்க வந்து போறவங்க.

ஸ்கிராட்ச் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு வரி. அமெரிக்கால எம்.ஐ.டி மீடியா லேப்ல மிட்செல் ரெஸ்னிக் குழு செஞ்சு 2007ல வெளியிட்டது, எட்டு வயசுல இருந்து பதினாறு வயசு வரைக்கும் உள்ள பசங்களை மனசுல வெச்சு செஞ்சது, கோடு டைப் பண்ண வேண்டாம், கலர் கலரா இருக்குற பிளாக்கை இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டினா போதும், காசு கிடையாது, ஆஃப்லைன் ஆப்பை போட்டுட்டா நெட்டும் வேண்டாம். நம்ம பத்தாம் வகுப்பு அறிவியல் புக்லயே கடைசியா காட்சித் தொடர்புன்னு ஒரு பாடம் இருக்குல்ல, அதுல ஸ்கிராட்ச் வருது. ஸ்டேஜ்னா (கேம் நடக்குற திரை) என்ன, ஸ்ப்ரைட்னா (அதுல நகர்ற உருவம்) என்னன்னு ஒரு மார்க் கேள்விக்கு பசங்க மனப்பாடம் பண்ணி எழுதிட்டு போறாங்க, அதே ஸ்கூல்ல ஹைடெக் லேப் இருக்கு, அதுல ஒரு தடவை ஸ்கிராட்ச்ல வர்ற அந்த பூனையை நகத்திப் பாத்தா மனப்பாடமே தேவையில்ல. இதை நான் போற ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஹெச்எம் கிட்ட முதல்ல சொல்லிடுவேன். ஏன்னா "கேமா? பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"ங்கறதுதான் அவங்க முதல் கேள்வி, நியாயமான கேள்வி, ஏற்கனவே பசங்க போன்ல கேம் ஆடுறாங்கன்னு வீட்ல அழுதுட்டு இருக்காங்க. ஆடுறது வேற செய்யுறது வேறன்னு வாயால சொன்னா எடுபடாது. பாடப் புத்தகத்தை திறந்து காட்டினா எடுபடும்.

சரி, டீச்சர் விஷயத்துக்கு வர்றேன். அவங்க ஏன் தயங்குறாங்க? நேரம் இல்லங்கறது நிஜம், எமிஸ்ல (பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு) ஏத்துற வேலை, தேர்வு வேலை, ஆயிரம் இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்து பேசினதுல எனக்கு புரிஞ்சது, அதை விட பெருசா ஒண்ணு இருக்கு, பசங்க முன்னாடி தெரியாம நிக்கணுமேங்கற பயம். இருபது வருஷமா கரும்பலகை முன்னாடி எல்லாம் தெரிஞ்சவங்களா நின்னு பழகினவங்க. ஒரு ஏழாவது பையன் "மிஸ் இது ஏன் ஓடல"ன்னு கேட்டு பதில் தெரியலன்னா அந்த க்ளாஸ் நாளைக்கு மதிக்குமான்னு ஒரு டீச்சர் என்கிட்ட நேராவே கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல. அந்த பயத்தை ஸ்லைடு போட்டு ட்ரெயினிங் குடுத்து போக்க முடியாது.

அதனால ரெண்டாவது வருஷத்துல இருந்து நாங்க பசங்க இல்லாத ஒரு சனிக்கிழமை, டீச்சருங்க மட்டும், மூணு மணி நேரம், ஒரே ஒரு கேம் முழுசா செஞ்சு முடிக்கறதுன்னு வெச்சுக்கிட்டோம். அந்த வருஷம் போட்டிக்கு நாங்க குடுத்த தலைப்பு தண்ணி. அதனால கேமும் மழைத்துளி மேல இருந்து விழும், கீழ குடத்தை நகத்தி புடிக்கணும், அவ்ளோதான். ஸ்டேஜ்ல நடு பாயிண்ட் பூஜ்யம், பக்கவாட்டுல (அதான் எக்ஸ்) மைனஸ் 240ல இருந்து 240, மேல கீழ (அதான் ஒய்) மைனஸ் 180ல இருந்து 180. இதை சொன்ன உடனே கணக்கு டீச்சருங்க முகம் மாறும் பாருங்க, அவங்களுக்கு அது ஒம்பதாவது ஆயத்தொலை வடிவியல், அவங்க வீடு. துளி கீழ விழணும்னா ஒய்யை மைனஸ் அஞ்சு மாத்தணும், "அப்ப முழுக்கள் பாடத்துல எண்கோட்டை செங்குத்தா போட்ட மாதிரிதானே"ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. ஒரு டீச்சர், நாப்பத்தஞ்சு வயசிருக்கும், திடீர்னு "நான் ஸ்கூல்ல படிக்கறப்ப லோகோன்னு ஒண்ணு, ஆமை வரும், எஃப்டி 100 ஆர்டி 90னு நாலு தடவை போட்டா சதுரம் வரும்"னாங்க. ஆமாங்க, அதே பரம்பரைதான், 1967ல சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபர்சைக் மூணு பேரும் சேர்ந்து உருவாக்கின லோகோங்கற கோடிங் மொழியோட வாரிசுதான் இந்த பூனை. முப்பது வருஷம் முன்னாடி போட்ட அந்த சதுரம் அவங்களுக்கு கைல அப்படியே இருந்துச்சு, அன்னிக்கு முதல்ல முடிச்சது அவங்கதான்.

இப்ப முக்கியமான கட்டம். துளி குடத்தை தொட்டா மார்க் ஒண்ணு கூடணும்னு ஃபாரெவர் பிளாக்குக்குள்ள (உள்ள இருக்கறதை நிறுத்தாம திரும்பத் திரும்ப செய்யுற பிளாக்) இஃப் டச்சிங் போட்டு சேஞ்ச் மார்க் பை ஒன் போடுவாங்க. கேமை ஆரம்பிக்கற பச்சை கொடியை தட்டினா ஒரே துளிக்கு எட்டு மார்க், ஒம்பது மார்க் ஏறும். இது வரும்னு எனக்கு நல்லா தெரியும், வேணும்னேதான் முன்கூட்டி சொல்ல மாட்டேன். ரூமே அமைதியாயிடும், எல்லாரும் என்னைப் பாப்பாங்க. நான் பதில் சொல்ல மாட்டேன். "துளி குடத்தை எவ்ளோ நேரம் தொட்டுட்டு இருக்கு?"ன்னு மட்டும் கேப்பேன். அப்பறம் மெதுவா யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, ஃபாரெவர் செகண்டுக்கு பல தடவை சுத்துது, ஒவ்வொரு சுத்துலயும் தொட்டுட்டுதான் இருக்கு, அதனால ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு மார்க். ஸ்கிராட்ச் செகண்டுக்கு 30 தடவை திரையை புதுப்பிக்குது, துளி குடத்துக்குள்ள எட்டு சுத்து இருந்தா எட்டு மார்க். தொட்ட உடனே துளியை திரும்ப மேல அனுப்பிட்டா, எக்ஸை ரேண்டமா குடுத்து ஒய்யை 170 ஆக்கிட்டா, ஒரு துளி ஒரு மார்க். இதை கண்டுபுடிச்ச அந்த நிமிஷம் அவங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு தளருது, அதை நான் அஞ்சாறு பேட்ச்ல பாத்துட்டேன். தெரியாம இருந்தோம், யோசிச்சோம், கிடைச்சுது, யாரும் நம்மளை கீழா பாக்கல. பசங்க முன்னாடி இதையே செய்யலாமேன்னு தோண ஆரம்பிக்குறது அங்கதான்.

அதே மாதிரி இன்னும் மூணு நாலு இடம் இருக்கு, எல்லா பசங்களும் தவறாம விழுவாங்க, டீச்சருக்கு முன்னாடியே விழுந்து எழுந்த அனுபவம் இருந்தா நல்லது. பூனை சுவத்துல முட்டி திரும்பறப்ப தலைகீழா நடக்கும், ரொட்டேஷன் ஸ்டைலை மாத்தணும். போன ஆட்டத்துல ஹைடு பண்ண ஸ்ப்ரைட் அடுத்த ஆட்டத்துல வரவே வராது, "என் பேயை காணோம் மிஸ்"னு அழுவாங்க, ஆரம்பத்துல ஷோ போட்டிருக்க மாட்டாங்க. மார்க்கை பூஜ்யத்துக்கு செட் பண்ண மறந்திருப்பாங்க. குளோன் (ஒரு ஸ்ப்ரைட்டோட நகல்) அள்ளி விட்டு திரை திணறும், 300க்கு மேல குளோன் வராது.

போன வருஷம் ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் பக்கம் யாரும் கிடைக்கல, ஹெச்எம் தமிழய்யாவை அனுப்பி வெச்சாங்க. ஐம்பது தாண்டினவர். வந்த உடனே "தம்பி, எனக்கு வாட்சப் தவிர ஒண்ணும் தெரியாது, பசங்க கூட துணைக்கு வந்தேன்"னார். நானும் உண்மையைச் சொன்னா பெருசா எதிர்பாக்கல. மூணு மணி நேரமும் நோட்ல எழுதிட்டே இருந்தார். கடைசில எழுந்து போர்டுல எழுதி காட்டினார் பாருங்க, நான் பத்து வருஷமா கோடு எழுதுறேன், எனக்கு இது தோணினதே இல்ல. இஃப் தென் பிளாக்குன்னா "தொட்டால் மார்க் கூடும்". அந்த "ஆல்" இருக்கே, அதான் இஃப்பு. தொட்டால்ங்கறது எச்சம், அது தனியா நிக்காது, முற்று வந்தாத்தான் வாக்கியம் முடியும், அதே மாதிரி இஃப்புக்குள்ள பிளாக் எதுவும் வைக்காம விட்டா அது முடியாத வாக்கியம், ஓடினாலும் ஒண்ணும் நடக்காது. பசங்களுக்கு அவர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தார். பிளாக் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குன்னு தடுமாறின பசங்க, முதல்ல கேமை தமிழ்ல ஆறேழு வாக்கியமா எழுதணும், ஒவ்வொரு வாக்கியமும் எந்த பிளாக்குன்னு தேடணும். "குடம் மவுஸ் பின்னாலேயே போகும். துளி விழும். துளி குடத்தைத் தொட்டால் மார்க் கூடும். தரையைத் தொட்டால் உசுரு குறையும். உசுரு தீர்ந்தால் ஆட்டம் முடியும்." இதுக்கப்பறம் கோடிங்ல என்ன பாக்கி இருக்கு சொல்லுங்க. வேரியபிள் (மார்க், உசுரு மாதிரி மாறுற எண்ணை வெச்சுக்கற இடம்) பேரை தமிழ்லயே வெக்கலாம், ஸ்கிராட்ச் ஏத்துக்கும், அந்த பசங்க லைஃப்னு வெக்காம உசுருன்னே வெச்சிருந்தாங்க. இப்ப நான் எல்லா ஸ்கூல்லயும் இந்த வாக்கியம் எழுதுற முறையைத்தான் சொல்றேன், முதல் ரெண்டு வாரம் லேப் பக்கமே போக வேண்டாம், பேப்பர் போதும். லேப் சாவி கிடைக்கலங்கற ஸ்கூலுக்கும் இது ஒரு வழி.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்ட இன்னொண்ணு, பசங்க வந்து "அய்யா இது வரல"ன்னா அவர் வாயில வர்ற முதல் வார்த்தையே "தெரியல, வா சேர்ந்து பாப்போம்". ஒரு கூச்சமும் கிடையாது. பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, முதல் வாக்கியத்துல இருந்து அந்த பையனையே படிக்கச் சொல்லுவார். பாதி நேரம் படிக்கறப்பவே அவனுக்கு தப்பு தெரிஞ்சிடும். மதிப்பு குறையுமான்னு கேட்ட டீச்சருக்கு நான் அந்த லேப்பைத்தான் காட்டணும்னு நினைச்சேன், கூட்டிட்டும் போனேன், அவங்க பேசாம ஒரு மணி நேரம் பாத்துட்டு வந்தாங்க. அடுத்த வாரம் அவங்க ஸ்கூல்ல ரெண்டு டீம் பேர் குடுத்தாங்க.

ரெண்டு பேர் ஒரு டீம்னு சொன்னேன்ல, அதுல ஒரு சிக்கல், டீச்சருங்க கவனிக்க வேண்டியது. ஒரு பையனும் பொண்ணும் டீம்னா மவுஸ் பையன் கைல இருக்கும், பொண்ணு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கும். ரெண்டும் பையன்னா வீட்ல கம்ப்யூட்டர் உள்ளவன் கைல இருக்கும். இது தானா சரியாகாது. நாங்க வெச்ச ஏற்பாடு, மவுஸ் வெச்சிருக்கவங்க யோசனை சொல்லக் கூடாது, யோசனை சொல்றவங்க மவுஸை தொடக் கூடாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டீச்சர் மேசையை தட்டுவாங்க, மாறிக்கணும். முதல் நாள் ஒரே கூச்சல், "இவ தப்பா இழுக்கறா மிஸ்"னு. ரெண்டாவது நாள்ல இருந்து பழகிடுச்சு. ஒரு ஸ்கூல்ல எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு, அதுவரைக்கும் வாயே திறக்காது, யோசனை சொல்றவங்க பேசியே ஆகணுங்கற அந்த ரூல்னால பேச ஆரம்பிச்சு, கடைசில நடுவர்கள் முன்னாடி மொத்த கேமையும் அதுதான் விளக்கிச்சு. அந்த பொண்ணோட அம்மா பீடி சுத்துறவங்க, அன்னிக்கு வேலையை விட்டுட்டு வந்து பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தாங்க.

பசங்க கொண்டு வர்ற ஐடியா எப்பவும் மலையளவு இருக்கும். போன வருஷம் தமிழய்யா ஸ்கூல்லயே ரெண்டு பேர் ஆடுபுலி ஆட்டம் செய்யணும்னு நின்னாங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு, 23 இடம், எந்த இடத்துல இருந்து எந்த இடத்துக்கு போகலாம், எப்ப தாண்டி வெட்டலாம், இதெல்லாம் முதல் தடவை கோடு எழுதுற பசங்களுக்கு ரொம்பவே அதிகம். டீச்சருங்க இங்க ரெண்டு தப்புல ஒண்ணு பண்ணுவாங்க, ஒண்ணு "அதெல்லாம் உங்களால முடியாது"ன்னு ஐடியாவையே கொன்னுடுவாங்க, இல்ல "சூப்பர் செய்ங்க"ன்னு விட்டுட்டு டிசம்பர்ல பசங்க அழறப்ப முழிப்பாங்க. நாங்க சொல்றது, அந்த ஐடியாவுல ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து அதை முதல்ல ஓட வைங்க. அவங்க ஒரு புலி துரத்துற மாதிரி, மூணு ஆட்டை பட்டிக்குள்ள ஓட்டுற மாதிரி சுருக்கிட்டாங்க, அது வேற கேமே ஆயிடுச்சு, ஆனா ஓடிச்சு, ஆடவும் நல்லா இருந்துச்சு. தண்ணி தலைப்புக்காக பட்டிக்கு பக்கத்துல ஒரு குளத்தை வரைஞ்சு வெச்சிருந்தாங்க, புலி குளத்துல இறங்காது, ஆடு குளத்துக்குள்ள ஒளிஞ்சுக்கலாம்னு ஒரு ரூலும் போட்டுட்டாங்க. ஆறாவது பசங்களை கூப்ட்டு ஆட விட்டுப் பாத்தாங்க, வாயால விளக்கக் கூடாதுன்னு கட்டளை, பேசாம பக்கத்துல நின்னு பாக்கணும். ஆடுறவன் எங்க முழிக்கிறான்னு நோட்ல எழுதி அதைத்தான் அடுத்த வாரம் சரி பண்ணாங்க. இந்த ஒரு வேலைய எந்த டீச்சரும் விடாம செய்யணும்னு நான் கேட்டுக்குவேன்.

காப்பி அடிக்கறதைப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. வீடியோ பாத்து அப்படியே செஞ்சுட்டு வர்றாங்களே, அண்ணன் செஞ்சு குடுத்துடுறாரேன்னு. வீடியோ பாத்து கத்துக்கறதுல எனக்கு ஒரு கோபமும் இல்ல, நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். எங்க நடுவர்கள் கேமை மட்டும் பாத்து மார்க் போட மாட்டாங்க, "துளியோட வேகத்தை பாதியாக்கு", "உசுரு அஞ்சு ஆக்கு", "அம்பது மார்க் வந்தா பேக்டிராப் (பின்னணிப் படம்) மாறணும்"னு ஏதாவது ஒண்ணை அங்கேயே மாத்தச் சொல்லுவாங்க, டீச்சர் அந்த ரூம்ல இருக்க மாட்டாங்க. தானா செஞ்ச பசங்க அரை நிமிஷத்துல மாத்திடுவாங்க. இதை ஆரம்பத்துலயே டீச்சர்கிட்ட சொல்லிட்டா, ஜெயிக்க வெக்கணும்னு பாசத்துல அவங்களே உக்காந்து செஞ்சு குடுக்கறதும் நின்னுடும். அது நடந்திருக்கு, நல்ல மனசோடதான் நடக்குது.

மத்தபடி சின்ன சின்ன விஷயம். ஸ்கூல் லேப்ல ஸ்கிராட்ச் பழைய 2.0 இருந்து, பையன் மாமா வீட்டு லேப்டாப்ல புது 3.0ல செஞ்சிருந்தா அந்த ஃபைல் ஸ்கூல்ல திறக்காது, பழசு புதுசுல திறக்கும், புதுசு பழசுல திறக்காது. இது தெரியாம ஒரு டீம் போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி மொத்தத்தையும் திரும்ப செஞ்சாங்க, அந்த பசங்க முகத்தை இன்னும் மறக்க முடியல, முதல் நாளே எல்லா மெஷின்லயும் ஒரே வெர்ஷன் இருக்கான்னு பாத்துடுங்க. கரண்ட் போகும், அதனால மேசை தட்டி மவுஸ் மாத்துறப்ப எல்லாம் சேவ் பண்ணணும்னு பழக்கிடுங்க. ஃபைல் பேர்ல தேதி போடச் சொல்லுங்க, அழிச்சு எழுத வேண்டாம். போட்டோ எடுக்கறதுக்கும் வெளில போடறதுக்கும் பெத்தவங்க கிட்ட கையெழுத்து வாங்குங்க, ஆன்லைன்ல அக்கவுண்ட் போட்டா பசங்க சொந்த பேர் ஸ்கூல் பேர் எதுவும் வரக் கூடாது. காலாண்டு பரீட்சை செப்டம்பர்ல, அரையாண்டு டிசம்பர்ல, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற எட்டு பத்து வாரம்தான் உங்க கைல இருக்கறது, அதுலயும் தீபாவளி வந்துடும். நாங்க ஃபைனலை ஜனவரில பொங்கல் லீவு முடிஞ்ச பிறகு வெக்கறது அதனாலதான்.

நம்ம போட்டி முடிஞ்ச பிறகு இன்னும் செய்யணும்னு துடிக்கிற பசங்களுக்கு ராஸ்பெர்ரி பை ஃபவுண்டேஷன் நடத்துற கூலஸ்ட் ப்ராஜெக்ட்ஸ் இருக்கு, 2012ல அயர்லாந்துல ஆரம்பிச்சது, ஆன்லைன்லயே கலந்துக்கலாம், காசு கிடையாது, ஸ்கிராட்ச்ல செஞ்சதையும் ஏத்துக்குறாங்க, ஜெயிக்கறது தோக்கறதுன்னு இல்லாம செஞ்சதை உலகத்துக்கு காட்டுற மாதிரி இருக்கும். முதல் தடவை பயப்படுற டீச்சருக்கு நான் இதையும் சொல்லுவேன்.

இந்த வருஷம் டீச்சர் வகுப்பை ஜூலைலயே வெச்சுட்டோம், புதுசா ஆறு ஸ்கூல். தமிழய்யா இந்த தடவை கத்துக்க வரல, என் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க வந்தார், அந்த "ஆல்" விஷயத்தை அவரே போர்டுல எழுதினார். போன வாரம் ராத்திரி ஒம்பது மணிக்கு போன் பண்ணி, "தம்பி, அந்த ரெண்டு பயலும் ஒம்பதாவது வந்துட்டானுங்க, மறுபடியும் முழு ஆடுபுலி ஆட்டம்தான் வேணுங்கறானுங்க, 23 இடத்துலயும் எது இருக்குன்னு எப்படி ஞாபகம் வெக்கிறது, 23 உசுரு மாதிரி 23 பேர் வெக்கணுமா?"ன்னு கேட்டார். லிஸ்ட்னு ஒண்ணு இருக்குங்கய்யா, ஒரே பேர்ல வரிசையா 23ஐ வெச்சுக்கலாம்னு சொன்னேன். "சரி, தாண்டி வெட்டறதுக்கு நடுவுல எந்த இடம்னு அதுக்கு எப்படி தெரியும்?"னார். யோசிச்சேன், எனக்கும் உடனே வரல. தெரியலங்கய்யா, ஞாயித்துக்கிழமை வர்றேன், பசங்களையும் வரச் சொல்லுங்க, பலகையை வரைஞ்சு வெச்சு சேர்ந்து பாப்போம்னு சொல்லிருக்கேன். புளியங்கொட்டை அவர் எடுத்துட்டு வர்றாராம்.